ஆயிரத்து நூற்று முப்பத்துமூன்று சட்டி

வெள்ளைப்பாடு என்ற கடற்கரை ஊரில் கருவாட்டுக் கூடத்தின் மேல்தளம் ஒரு சாண் உயரம் எழும்பி நின்ற காலையில் நெத்திலி ஏராளமாக வந்திருந்தது. அதனால் மத்தியானம் வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. டவுனிலிருந்து வந்த ஆட்கள் தளத்தைத் தாங்கிய முட்டுகளை உருவி, சென்ட்ரிங் பலகைகளைக் கழற்றி, எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அவர்களும் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் மீனவப் பெண்கள் சங்கத்தின் தலைவி செபத்தி, உப்புச் சாக்குகளை எங்கே அடுக்கலாம் என்று பார்க்கப் புதுக் கூடத்துக்குள் போனாள். நிமிர்ந்தவள், மூலையில் கிடந்த தண்ணீர் டிரம்மின் மேல் ஏறிப் பார்த்தபோது சுவருக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு சாண் கடல் தெரிந்தது, அந்தக் கடலில் நீலம் பூசிய வள்ளம் ஒன்று இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. வள்ளம் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் முடியும்வரை அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்து, மணலில் குந்தி நெத்திலி பரப்பிக்கொண்டிருந்த பிரகாசியின் தோளைத் தொட்டாள்.

"ஏட்டி பிரகாசி, உன் தளம் எந்திரிச்சிட்டு."

பிரகாசி கையை நிறுத்தவில்லை. "எவ்வளவு?"

"ஒரு சாண் இருக்கும்."

"என் சாணா, உன் சாணா?"

செபத்தி தன் கையை விரித்துப் பார்த்தாள். "உன் சாண்தான். என் சாண்னா இன்னும் கொஞ்சம் கூட வரும்."

பிரகாசியைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய தலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்த தலை அது. சும்மாடு அழுத்தி அழுத்தி உச்சி சற்றுத் தட்டையாகிவிட்டிருந்தது, அங்கே முடியும் மெலிந்திருந்தது. ஆனால் அந்தத் தட்டையான இடத்துக்கு, படித்த எந்தப் பொறியாளரின் மூளைக்கும் தெரியாத ஒன்று தெரியும். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய வானம் என்ற பள்ளத்தின் ஓரத்தில் நின்று, வெறும் சும்மாட்டைத் தலையில் வைத்துக் கண்ணை மூடினால், அந்தப் பள்ளம் எத்தனை சட்டி கான்கிரீட் குடிக்கும் என்று அவளால் சொல்ல முடியும். சொன்னால் ஒரு சட்டி கூடாது, ஒரு சட்டி குறையாது. கொத்தனார்கள் இதை அறிவார்கள், அறிந்தும் வெளியே சொல்லமாட்டார்கள். அவள் காதோரம் முணுமுணுக்கும் எண்ணைத் தாங்களே கண்டுபிடித்ததுபோல வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்வார்கள். இப்படி அவள் சுமந்து முடித்த தளங்கள் இருநூற்றுச் சொச்சம். தளம் போட்ட அன்று வீட்டுக்காரர்கள் சோறும் கறியும் போடுவார்கள், சித்தாட்கள் எதிரே ஏதாவது வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மூன்று வாரம் கழித்து முட்டு பிரிக்கும்போது அவர்கள் வேறு ஊரில் வேறு தளத்துக்குச் சுமந்துகொண்டிருப்பார்கள். ஆகவே தான் சுமந்த இருநூற்றுச் சொச்சத் தளங்களில் ஒன்றின் அடியிலும் பிரகாசி நின்றதில்லை. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை; தச்சன் தொட்டிலில் தூங்குவதில்லை அல்லவா, அதுபோல என்று விட்டுவிட்டாள். அவளுடைய வீட்டுக்கு ஓலைதான் கூரை.

சங்கத்துக்கு முப்பத்துநான்கு பெண்கள். கருவாட்டுக் கூடம் கட்டிக்கொள்ள அரசாங்கத்திலிருந்து அனுமதியும் ஒரு துண்டு மணல் நிலமும் வந்தபோது, டவுன் கான்ட்ராக்டர் தனசிங் தன் போனில் கணக்குத் தட்டிப் பார்த்து, தளத்துக்கு மட்டும் நூற்றுப்பத்து மூட்டை சிமென்ட் என்றார்.

"எழுபத்தாறு," என்றாள் பிரகாசி.

தனசிங் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல, சும்மா சிரித்தார். "யக்கா, நீங்க சட்டி எண்ணுவீய. இது கான்கிரீட் கணக்கு."

"சட்டிக்குள்ள இருக்கது பின்ன என்ன தம்பி, பாயாசமா?"

பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் பிரகாசி ஒரு மீன்முள்ளை எடுத்து ஈர மணலில் எழுதத் தொடங்கிவிட்டாள். தளத்தின் நீளம் முப்பத்திரண்டு அடி, அகலம் இருபத்திரண்டு, கனம் ஐந்து அங்குலம். பெருக்கினால் இருநூற்றுத் தொண்ணூற்றுமூன்று கன அடி. குறுக்கே போகும் இரண்டு உத்தரங்களுக்கு நாற்பத்தேழு. ஆக முன்னூற்று நாற்பது. ஆனால் அது ஈரமாகி இறுகிய பிறகு உள்ள கணக்கு. உலர்ந்து கிடக்கும்போது மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஏகப்பட்ட காற்று உட்கார்ந்திருக்கும், தண்ணீர் பட்டதும் அது வெளியேறிக் கலவை சுருங்கிவிடும், அழுது முடித்த பிறகு துக்கம் சுருங்குவதுபோல. ஆகவே உலர்ந்த சரக்கு ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஐந்நூற்று இருபத்துநான்கு. அதை ஐந்தரைப் பங்காக்கினால் ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. மூட்டைக்கு ஒன்றேகால் கன அடி.

"எழுபத்தாறு," என்று முள்ளை மணலில் குத்தி நிறுத்தினாள். "சட்டிக் கணக்குல ஆயிரத்து நூத்து முப்பத்துமூணு. அஸ்திவாரத்துக்கு நூறடி ஓட்டம், ரெண்டரை அடி அகலம், முக்கால் அடி கனம். அதுக்கு ஒண்ணுக்கு ரெண்டு, நாலு கலவை போதும், முப்பத்துமூணு மூட்டை தனி."

தனசிங் போனைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். "சேதாரம்? சிந்துறது, சிதறுறது?"

"என் தலையில இருந்து எதும் சிந்தாது."

"சரி. கூடக் குறைய வந்துதுன்னா எம்மேல சொல்லக் கூடாது. எஸ்டிமேட் தாள்ல நீங்களே கையெழுத்துப் போட்டுருங்க."

அவள் போட்டாள். ஞானப்பிரகாசி என்று எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் செங்கல் வைப்பதுபோல இடம் விட்டுப் போட்டாள். அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு சித்தாள் கையெழுத்திட்ட முதல் எஸ்டிமேட் அதுதான். கணக்குப் பிசகினால் அதுவே கடைசியாகவும் இருக்கும் என்பது பெண்களுக்குத் தெரியும், தனசிங்குக்குத் தெரியும், அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அஸ்திவாரத்துக்கு முப்பத்துமூன்று மூட்டை போட்டார்கள். குறித்த கோடு வரை வந்து, ஒரு கை அள்ளவும் மிச்சமில்லாமல் நின்றது. சுவர்கள் எழுந்தன. சுவர்த்தலையை வழவழப்பாகப் பூசி, அதன்மேல் தார்க்காகிதம் விரித்தார்கள். வெயிலுக்குத் தளம் விரிந்து சுருங்கும்போது சுவர் வெடிக்காமலிருக்க அப்படிச் செய்வது வழக்கம். பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கலவை மிஷின் உருளத் தொடங்கியது.

பத்தாவது சட்டியில் வைப்ரேட்டர் இருமியது, பதினொன்றாவது சட்டியில் நின்றது. கலவைக்குள் செருகி அதிர்த்துக் காற்றை வெளியேற்றும் அந்த மிஷின் இல்லாவிட்டால் தளம் உள்ளே ஓட்டை விழுந்து பொள்ளலாகிவிடும்; டவுனுக்குப் போய் வேறு கொண்டுவருவதற்குள் போட்டது இறுகிவிடும். தனசிங் தலையில் கை வைத்தார். பெண்கள் தலையில் கை வைக்கவில்லை. கம்பிகளையும், வள்ளம் தள்ளும் கோல்களையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, பாதிப் பேர் சுமக்க, பாதிப் பேர் வரிசையாக நின்று கலவையைக் குத்தத் தொடங்கினார்கள். பாட்டில்லாமல் பத்துக் கைகள் சேர்ந்து ஓடாது. அவர்களுக்குக் கை சேர்த்து வேலை செய்ய ஒரே பாட்டுத்தான் தெரியும், அவர்களுடைய அம்மாக்களும் ஆத்தாக்களும் கரையில் கயிறு பிடித்துப் பாடிய பாட்டு.

"ஏலேலோ... ஏறி வா."

"ஏலேலோ... மேல வா."

கீழே வலை பின்னிக்கொண்டிருந்த தொம்மை அண்ணாச்சி கையை வாயில் குவித்துக் கத்தினார். "எட்டீ, அது வள்ளத்தைக் கரையேத்துற பாட்டு!"

"வள்ளமும் பாரம், இதுவும் பாரம்," என்று செபத்தி மேலேயிருந்து கத்தினாள். "கை ஓடுதுல்லா? பேசாம வலையைப் பாருங்க அண்ணாச்சி!"

அன்றைக்கு அந்தப் பாட்டை அவர்கள் பாடியதுபோல அதற்கு முன் பாடியதில்லை. கரையேற்றும்போது நூறு இழுப்பில் முடிந்துவிடும் பாட்டு, அன்று ஆயிரம் சட்டிக்கு நீண்டது. பழைய அடிகள் தீர்ந்து போய்ப் புதிதாகக் கட்டினார்கள். தனசிங்கின் தொப்பையை ஏற்றினார்கள், இறக்கினார்கள். செத்துப்போன வைப்ரேட்டருக்கு ஒப்பாரி வைத்தார்கள். ஒவ்வொரு குத்துக்கும் கலவை குமிழ்விட்டுச் சத்தம் போட்டது, கூடச் சேர்ந்து பாடுவதைப்போல. ஆயிரத்து நூற்று முப்பத்துமூன்றாவது சட்டி மேலே வந்தபோது, மூலையில் ஒரு சோற்றுத்தட்டு அகலத்துக்கு மட்டும் இடம் மிச்சமிருந்தது. சட்டி கவிழ்ந்தது, இடம் நிறைந்தது. தனசிங் காலிச் சட்டியை வாங்கி, அதன் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிரகாசியிடமே திருப்பிக் கொடுத்தார்.

பிறகு தளத்தின் மேல் பாத்தி கட்டி, குடிதண்ணீர்க் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து நிறுத்தினார்கள், இருபத்தொரு நாள். உப்புத் தண்ணீர் ஆகாது. ஆலா என்ற கடற்குருவிகள் வந்து குடித்தன. ஏணியில் ஏறிப் பார்த்தால் முப்பத்திரண்டுக்கு இருபத்திரண்டு அடி வானம் அங்கே அசையாமல் கிடந்தது. இருபத்திரண்டாம் நாள் முட்டு பிரித்தார்கள். தளம் எழும்பிவிட்டது.

வெள்ளைப்பாடு இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், முதலில் அதற்கு ஒரு பயன் கண்டுபிடித்தது. கருவாட்டுக் கூடங்களின் பெரிய சீக்கு புழுக்கம். மூடிய கூடத்தில் மீன் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். இங்கே நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் கடற்காற்று நுழைந்து வெளியேறியது, நிழலிலேயே சாளை மீன் மூன்று நாளில் சுக்காகக் காய்ந்தது, ஈ அண்டவில்லை. "சன்னல் வைக்கச் சொல்லி எவ்வளவு கேட்டோம், பிளான்ல இல்லன்னுட்டாவ, இப்ப பாரு," என்றார்கள் பெண்கள். ஆண்கள் துடுப்புகளை அந்த இடைவெளியில் செருகி வைத்தார்கள். சிட்டுக்குருவிகள் முதல் நாள் சந்தேகப்பட்டன, இரண்டாம் நாள் சாரம் கட்டிய சுவர்ப் பொந்துகளுக்கு வைக்கோல் கொண்டுவந்தன. பங்குச் சாமியார் வந்து, அண்ணாந்து பார்த்து, இது மந்திரிக்க வேண்டிய விஷயமா வாழ்த்த வேண்டிய விஷயமா என்று சற்று யோசித்து, வாழ்த்திவிட்டுப் போனார். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து சுவர்மேல் கையை நீட்டி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தார்கள், திரும்பும்போது கருவாடு வாங்கிப் போனார்கள். காலையில் தளம் கொஞ்சம் உயர்ந்தும் மாலையில் கொஞ்சம் தாழ்ந்தும் இருப்பதைக் கண்டு, தொம்மை அண்ணாச்சி அதைப் பார்த்து நாளைக்கு என்ன காற்று என்று சொல்லத் தொடங்கினார். ஏன் எழும்பியது என்று யாராவது கேட்டால் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: "ஏறி வா, மேல வான்னு ஒரு பகல் பூராக் கூப்பிட்டா, எதுதான் வராது?" அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கூப்பிட்டது வந்திருக்கிறது, அவ்வளவுதானே.

பிரகாசி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கூடத்தின் வாசலோடு நின்று மேலே பார்ப்பாள், மணலில் எழுதுவாள், அழிப்பாள். பிறகு அரசாங்க ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

அடுத்த வியாழக்கிழமை உதவிப் பொறியாளர் முகுந்தன் வந்து கட்டடத்தைச் சோதிப்பார். தளம் சுவர்மேல் முறையாக உட்கார்ந்திருந்தால் அளவுப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்திடுவார். இல்லாவிட்டால் கட்டடம் ஆபத்தானதென்று இடிக்கப்பட்டு நிலம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். தனசிங்தான் கொண்டுவந்து படித்துக் காட்டினார். "அவர் ரொம்ப நேர்மை," என்று வருத்தத்தோடு சொன்னார். "ஒரு தாளை எடுத்துச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவுல விட்டுப் பாப்பார். தாள் நுழைஞ்சிதுன்னா முடிஞ்சிது. இங்க எருமைமாடே நுழையும்."

"எருமை நுழையாது," என்றாள் செபத்தி. "ஆடு நுழையும். நேத்து நுழைஞ்சிது."

"யக்கா, நான் சொன்ன நூத்திப்பத்து மூட்டை போட்டிருந்தா பாரத்துலயே உக்காந்திருக்கும்." அவர் பிரகாசியைப் பார்த்துச் சொல்லவில்லை, அதனாலேயே அது அவளுக்கு வலித்தது.

கூடம் போனால் என்ன ஆகும் என்று பெண்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு மழைக்கும் பாதி காய்ந்த மீனை வாரிக்கொண்டு ஓலை வீடுகளுக்கு ஓடுவது, கட்டிலுக்கு அடியிலும் அடுப்புக்கு மேலும் பரப்பிவைத்து அதனோடே சாப்பிட்டு அதனோடே தூங்குவது, அப்படியும் அழுகியதைக் கூடை கூடையாகத் திரும்பக் கடலில் கொட்டுவது. தளத்தை இறக்கியே ஆக வேண்டும்.

முதலில் எல்லோரும் ஏணி வைத்து மேலே ஏறி உட்கார்ந்தார்கள். முப்பத்துநான்கு பெண்கள், அவர்களில் ஐந்து பேர் நல்ல கனம். தளம் அசையவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் யாரோ பாட ஆரம்பிக்க, அது இன்னும் இரண்டு விரல் எழும்பியது. ஏணி எட்டாமல் போய்த் தொம்மை அண்ணாச்சி வேறு ஏணி கொண்டுவர வேண்டியிருந்தது. அடுத்த நாள் ஊரிலுள்ள நங்கூரங்களையெல்லாம் கொண்டுவந்து கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். கடற்காற்று வந்தபோது நங்கூரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கோயில் மணிபோல ஒலித்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. செபத்தி தாலாட்டுப் பாடிப் பார்த்தாள். தளம் தூங்கவில்லை, கீழே கட்டியிருந்த ஆடு தூங்கியது.

"அண்ணாச்சி, வள்ளத்தைக் கடல்ல இறக்கும்போது என்ன பாட்டு?" என்று கேட்டாள் பிரகாசி.

"அதே பாட்டுதான். மூஞ்சியை மட்டும் கடல் பக்கம் திருப்பிக்கிடணும்."

திருப்பிக்கொண்டு பாடினார்கள். தளம் ஓர் அங்குலம் கடலை நோக்கி நகர்ந்தது. அலறிப் புடைத்துக்கொண்டு நிறுத்தி, ஊர்ப்பக்கம் திரும்பி ஒரே ஒரு அடி பாடி, அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு வெகுநேரம் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துச் செபத்திக்கு விக்கல் எடுத்தது.

பிரகாசி மட்டும் மீன்முள்ளோடு உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டாள். எட்டுத் தடவை போட்டாள். நீளம் சரி, அகலம் சரி, கனம் சரி. முன்னூற்று நாற்பது கன அடி, இருபத்துமூன்றரை டன், எழுபத்தாறு மூட்டை. கணக்கில் பிழை இல்லை. பிழை இல்லாததுதான் அவளைத் தின்றது. பிழை இருந்தால் திருத்தலாம்.

"கீழ போறதைத் தாங்கத்தான் இதுவரைக்கும் அஸ்திவாரம் கணக்குப் போட்டிருக்கேன்," என்றாள் செபத்தியிடம். "மேல போறதைப் பிடிச்சு வைக்க எத்தனை சட்டி வேணும்னு என் தலைக்குத் தெரியலைட்டி. சும்மாட்டை வச்சா வெறும் சும்மாடாத்தான் இருக்கு." சற்றுப் பொறுத்து, "எழுதுனதுல ஒண்ணு விட்டுப்போச்சு. என்னன்னு தெரியல," என்றாள்.

செபத்தி அவள் தலையை, அந்தத் தட்டையான உச்சியை, ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை வெயில் சுள்ளென்று இருந்தது. சுவர்மேல் செருகியிருந்த துடுப்புகளை ஆண்கள் முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தார்கள். கரை முழுக்க நெத்திலி வெள்ளியாகக் காய்ந்து கிடந்தது. முகுந்தன் ஸ்கூட்டரில் வந்தார்; ஒல்லியான மனிதர், தோளில் பை, பையில் ரசமட்டமும் அளவுப் புத்தகமும். எழும்பி நின்ற தளத்தைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. அவர் பார்த்த கட்டடங்கள் பலவற்றில் இதைவிட விசித்திரமானவை உண்டு. ரசமட்டத்தை வாசலில் வைத்துப் பார்த்தார், நீளம் அளந்தார், அகலம் அளந்தார்.

"எஸ்டிமேட் யார் போட்டது?"

"நான்தான் சார்," என்றாள் பிரகாசி.

"எவ்வளவு மிச்சமாச்சு?"

"மிச்சம் இல்ல சார். குறையவும் இல்ல."

அவர் அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி, கூடத்துக்குள் போய், ஒரு நாற்காலி கேட்டு அதன்மேல் ஏறி, ஒரு சாண் இடைவெளியில் தாளை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். தாள் காற்றில் படபடத்தது. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

"நல்ல வேலை," என்றார் முகுந்தன், உண்மையான வருத்தத்தோடு. "நான் பார்த்த நல்ல தளங்கள்ல ஒண்ணு. ஆனா இது உக்காரலையேம்மா. நான் என்ன எழுத?"

அவர் பேனாவின் மூடியைத் திறந்தபோது வானத்தில் இடி இடித்தது.

சித்திரை மாதத்து மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. தெற்கே கடல் கறுத்ததைப் பார்த்து முடிப்பதற்குள் முதல் துளி மணலில் குழி பறித்துவிட்டது. "நெத்திலி!" என்று யாரோ கத்த, சங்கமே ஓடியது. வாரியலால் கூட்டி, முறத்தால் அள்ளி, முந்தானையில் கட்டி, கூடை கூடையாக ஒருத்தியின் தலையிலிருந்து இன்னொருத்தியின் இடுப்புக்கும், இடுப்பிலிருந்து கூடத்தின் தரைக்கும் மீன் போய்க்கொண்டேயிருந்தது. முகுந்தனும் அளவுப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிவிட்டு இரண்டு கூடை தூக்கினார், ஒன்றைச் சிந்தினார், திட்டு வாங்கினார். நான்கு பக்கமும் இடைவெளி வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. கூடைகளுக்கு மேல் பெண்கள் தங்கள் முதுகைக் கொடுத்துக் கவிந்து நின்றார்கள். அப்போது, முட்டையின் மேல் கோழி தன்னை மெதுவாகத் தளர்த்திக்கொண்டு உட்காருமே, இறகுகளைக் கொஞ்சம் விரித்து, இடம் பார்த்து, அப்படித் தளம் இறங்கத் தொடங்கியது. ஒரு சாண் முக்கால் சாண் ஆயிற்று, அரைச் சாண் ஆயிற்று, நான்கு விரல், இரண்டு விரல், ஒரு விரல்.

ஒரு விரலில் நின்றது.

முகுந்தன் நாற்காலியில் ஏறித் தாளை நீட்டினார். தாள் நுழைந்தது. அதே ஒரு விரல் வழியாகச் சாரல் கோடு போட்டதுபோல நெத்திலிமேல் விழுந்துகொண்டிருந்தது.

"யாரு வரல?" என்று செபத்தி சுற்றிப் பார்த்தாள். அவளையும் சேர்த்துப் பெண்களில் முப்பத்துமூன்று தலைகள் இருந்தன. வாசலுக்கு வந்து பார்த்தாள். மழைக்கு நடுவே, எதிரே நின்ற பூவரச மரத்தடியில், காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிரகாசி நின்றிருந்தாள். இருபத்தெட்டு வருஷம் தளத்துக்கு எதிரே மரத்தடியில் நின்று பழகிய கால்கள், கடைசிக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே அங்கே போய் நின்றுவிட்டன.

"ஏட்டி! அங்க என்னட்டி செய்யுத? உள்ள வா!"

"மீனு எல்லாம் உள்ள வந்துட்டா?"

"மீனு வந்துட்டு, நீ வா!"

"நான் இங்க நிக்கேன். இங்கயும் நனையாது."

"நீ நனைஞ்சு வடியுத! இது உன் தளம்ட்டி, வா!"

பிரகாசி கூடையைக் கீழே வைத்தாள். மழையின் வழியாக நடந்து வந்தாள், வாசலில் ஒருமுறை நின்று, சேலை நுனியைப் பிழிந்தாள், யாருடைய வீட்டுக்கோ வந்தவள்போலக் காலை உதறிக்கொண்டாள். பிறகு உள்ளே ஓர் எட்டு வைத்தாள். அண்ணாந்து பார்த்தாள், தாங்கள் சுமந்த ஆயிரத்து நூற்று முப்பத்துமூன்று சட்டியும் ஒன்றாகித் தலைக்கு மேலே இருந்தது, தலையைத் தொடாமல் இருந்தது.

டொக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மழை வெளியே போயிற்று.

முகுந்தன் தாளை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், நாற்காலிதான் ஆடியது. பாதித் தாள் தளத்துக்கும் சுவருக்கும் நடுவே, மலைக்கு அடியில் மாட்டியதுபோல இருந்தது. அவர் பேனாவை எடுத்து, சட்டைக்குள்ளிருந்து அளவுப் புத்தகத்தை உருவித் திறந்து எழுதவேண்டியதை எழுதினார். அதோடும் மனம் ஆறாமல், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பாதித் தாளிலும், நாற்காலிமேல் நின்றபடியே, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அவ்வளவு பெண்கள் ஒரு கூரைக்கு அடியில் போட்ட சத்தத்தில், பொந்திலிருந்த குருவிகள்கூட மழையென்று பாராமல் வெளியே பறந்துவிட்டன. யாரோ அடுப்பு மூட்டிப் பாலில்லாத கட்டங்காப்பி போட்டார்கள். முகுந்தனுக்கு இரண்டு தம்ளர் கொடுத்தார்கள்.

"தளம் திரும்ப எந்திரிக்குமா?" என்று அவர், அப்போதுதான் மழையில் ஓடிவந்து சேர்ந்த தனசிங்கிடம் ரகசியமாகக் கேட்டார்.

"மழை விட்டதும் எந்திரிச்சிடும்னு தோணுது சார்."

"நான் பாக்கும்போது உக்காந்திருந்துது," என்று சொல்லிவிட்டு, மழை விடுவதற்கு முன்பே, நனைந்துகொண்டே, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

தனசிங் பிரகாசியின் பக்கத்தில் வந்து நின்றார். "யக்கா, வர்ற வாரம் மேலக்கரையில ஒரு பள்ளிக்கூடம். ரெண்டு வகுப்பு. வந்து எஸ்டிமேட் போட்டுத் தருவீயளா?"

"அடியில எத்தனை பிள்ளைங்க நிக்கும்?"

"அது எதுக்குக்கா? மேல வர்ற பாரம்தானே கணக்கு?"

அவள் குனிந்து ஒரு கரித்துண்டை எடுத்து, புதுச் சுவரில், நீளம், அகலம், கனம், சிமென்ட், மணல், ஜல்லி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். எல்லாவற்றுக்கும் கீழே, இதுவரை எந்த எஸ்டிமேட்டிலும் எழுதாத ஒரு வரி எழுதினாள்: அடியில் நிற்பவர்கள், முப்பத்துநான்கு. கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் சிறிதாக, ஒரு ஆபீசர் என்று சேர்த்தாள்.

மழை விட்டது. வெயில் சுத்தமாக வந்தது. பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் மறுபடி நெத்திலியைப் பரப்பினார்கள். தளம் எழும்பவில்லை. காற்றில்லாமல் கூடத்துக்குள் மிச்ச மீன் புழுங்கத் தொடங்கியது. செபத்தி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே நடுத்தரையில், உப்புச் சாக்கொன்றின் மேல், கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் பிரகாசி.

"ஏட்டி, நீ வெளிய வந்தாத்தான் அது எந்திரிக்கும் போலுக்கு. மீனு புழுங்குது, வா."

"வாரேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

பிரகாசி அண்ணாந்து பார்த்தாள்.

"கணக்குப் போடல," என்றாள்.